ஏட்டுச் சுரைக்காய் மிதக்குமா?



ஒன்பதாம் வகுப்பில் பயிலும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், ஆர்க்கிமிடிஸ் தத்துவத்தைச் சொல்லும்படி கேட்டுப் பாருங்கள். நீரில் அமிழும் பொருள், தான் ஒதுக்கித் தள்ளிய நீரின் எடைக்குச் சமமான மேல்நோக்கு விசையைப் பெறுகிறது என்று மூச்சு விடாமல் ஒப்புவிக்கும். "சரி, 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாள், மிக்ஜாம் புயல் மழையின்போது, பள்ளிக்கரணையில் நிறுத்தி வைத்திருந்த கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக மிதந்து சென்றனவே, அது எப்படி?" என்று அடுத்துக் கேளுங்கள். பெரும்பாலும் மௌனமே விடையாக வரும். ஏறக்குறைய ஆயிரம் கிலோ இரும்பு எவ்வாறு மிதக்கும் என்று பெற்றோராகிய நாமும் திகைத்து நிற்போம்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் பழமொழி. ஆனால் சுரைக்காய்க்குக் கறியாவதைத் தவிர வேறொரு பயனும் உண்டு. உலர்ந்த சுரைக்குடுக்கையை முதுகில் கட்டிக்கொண்டு கிணற்றில் நீச்சல் பழகிய பெரியவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கின்றனர். ஆகவே இத்திங்கள், மிதத்தல் பற்றிய பள்ளிக் கணக்கு ஒன்றை ஏட்டிலிருந்து எடுத்து, நம் தாம்பரம் தெருக்களில் வைத்துப் போட்டுப் பார்ப்போம். அது உயிர் காக்கும் கணக்கு என்பது முடிவில் புலப்படும்.

மரக்கட்டைக் கணக்கு

நீளம் 2 மீட்டர், அகலம் 50 சென்டிமீட்டர், கனம் 20 சென்டிமீட்டர் உள்ள மரக்கட்டை ஒன்று. அதன் எடை 120 கிலோ. ஏரியில் விட்டால் அது எவ்வளவு ஆழம் அமிழும்? (பாடநூலில் எடையை நியூட்டனில் சொல்வர். நாம் கடைத்தெரு வழக்கப்படி கிலோவிலேயே சொல்வோம், விடை மாறாது.)

கட்டையின் அடிப்பரப்பு சரியாக ஒரு சதுர மீட்டர். அது நீரில் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் 10 லிட்டர் நீரை ஒதுக்குகிறது. ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோ. ஆகவே நீர் அதை 10 கிலோ அளவுக்கு மேலே தாங்குகிறது. இரண்டு சென்டிமீட்டர் இறங்கினால் 20 கிலோ. இவ்வாறு 12 சென்டிமீட்டர் இறங்கியதும் தாங்கும் விசை 120 கிலோவாகி, கட்டையின் எடைக்குச் சமமாகிவிடுகிறது. அதற்குமேல் அது இறங்காது. பன்னிரண்டு சென்டிமீட்டர் நீருக்குள், எட்டு சென்டிமீட்டர் நீருக்கு வெளியே. கணக்கு முடிந்தது.

இதிலிருந்து ஒரு வாய்பாட்டை மனத்தில் இருத்திக்கொள்வோம். அடிப்பரப்பு ஒரு சதுர மீட்டர் என்றால், அமிழும் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் நீர் 10 கிலோவைத் தாங்கும். இக்கட்டுரை முழுவதற்கும் இந்த ஒரே வாய்பாடு போதும்.

இந்த உண்மையை முதன்முதலில் நிறுவியவர், கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில், சிசிலித் தீவின் சிராக்கூஸ் நகரில் வாழ்ந்த ஆர்க்கிமிடிஸ். மன்னனின் பொன்முடியில் வெள்ளி கலந்திருக்கிறதா என்று ஆராய்ந்தபோது, குளியல் தொட்டியில் விடை தோன்ற, உடையும் இன்றித் தெருவில் ஓடினார் என்னும் கதையை யாவரும் அறிவோம். அக்கதையை எழுதி வைத்தவர், அவருக்கு ஏறத்தாழ இரு நூற்றாண்டு பிந்திய உரோமைக் கட்டடக் கலைஞர் விட்ரூவியஸ். மிதக்கும் பொருள்களைப் பற்றி ஆர்க்கிமிடிஸ் தாமே எழுதிய நூலில் பொன்முடியும் இல்லை, ஓட்டமும் இல்லை. தெளிவான கணித நிறுவல்களே உள்ளன.

கல்லும் படகும்

இனி, தேர்வுகளில் மாணவரை மடக்குவதற்கென்றே கேட்கப்படும் ஒரு வினா. குளம் ஒன்றில் படகு மிதக்கிறது. படகினுள் ஒரு பெரிய கல் இருக்கிறது. படகில் இருப்பவர் அக்கல்லைத் தூக்கிக் குளத்தில் எறிகிறார். குளத்தின் நீர்மட்டம் உயருமா, தாழுமா, அப்படியே இருக்குமா?

கல் நீருக்குள் விழுந்ததால் மட்டம் உயரும் என்பதே பலர் சொல்லும் விடை. கணக்கு வேறு சொல்கிறது. பல்லாவரம் குன்றின் கல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அக்கல்லுக்கு நிலவியல் அறிஞர் தாமஸ் ஹாலண்டு சூட்டிய பெயர் சார்னோக்கைட்டு. கொல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னோக்கின் கல்லறை, சென்னைப் பகுதியிலிருந்து சென்ற இவ்வகைக் கல்லால் ஆனது என்பதால் அப்பெயர் வந்தது. அது நீரைப்போல் ஏறக்குறைய 2.7 மடங்கு கனமானது. நம் கல்லின் எடை 54 கிலோ என்றால் அதன் பருமன் 20 லிட்டர்.

கல் படகினுள் இருந்தபோது, அதன் எடையையும் தாங்குவதற்காகப் படகு 54 லிட்டர் நீரைக் கூடுதலாக ஒதுக்கிக்கொண்டிருந்தது. எறிந்தபின், கல் குளத்தின் அடியில் கிடந்து, தன் பருமனாகிய 20 லிட்டரை மட்டுமே ஒதுக்குகிறது. ஆகவே 34 லிட்டர் அளவுக்கு நீர்மட்டம் தாழும். சிட்லபாக்கம் ஏரியில் இதைச் செய்தால் கண்ணுக்குத் தெரியாது. வீட்டில் ஒரு சிறிய பேசினில் நீர் நிரப்பி, எவர்சில்வர் டம்ளரில் ஒரு கல்லை வைத்து மிதக்கவிட்டு, நீர்மட்டத்தைப் பேனாவால் குறித்துக்கொண்டு, பிறகு கல்லை எடுத்து நீரில் போடுங்கள். மட்டம் இறங்குவதைப் பிள்ளைகள் தம் கண்ணாலேயே காண்பர்.

இவ்வினாவில் அடங்கிய கருத்து யாதெனில், மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான நீரை ஒதுக்குகிறது. மூழ்கிய பொருளோ தன் பருமனுக்குச் சமமான நீரை மட்டுமே ஒதுக்குகிறது. ஒரு பொருள் மிதப்பதும் மூழ்குவதும் அது கனமா, இலேசா என்பதை மட்டும் பொறுத்ததன்று. தன் எடைக்கு ஈடான நீரை ஒதுக்க அதற்கு இடம் இருக்கிறதா என்பதையே பொறுத்தது. டம்ளரின் இரும்பு நீரைவிடப் பன்மடங்கு கனமானது. ஆயினும் அதன் உட்குழிவு, வேண்டிய அளவு நீரை ஒதுக்கிக்கொடுக்கிறது. அந்தக் குழிவில் நீர் புகுந்துவிட்டால் டம்ளர் மூழ்கும்.

கோவளக் கடற்கரையில் முன்பு மிகுதியாகக் காணப்பட்ட கட்டுமரத்துக்கும், இப்போது அங்கு நிற்கும் ஃபைபர் படகுக்கும் உள்ள வேறுபாடும் இதுவே. கட்டுமரம் நீரைவிட இலேசான மரத்தால் ஆனது. அலை அதன்மேல் எத்தனை முறை புரண்டாலும் மூழ்காது. ஃபைபர் படகின் சுவரோ நீரைவிடக் கனமானது. குழிவான அமைப்பால்தான் மிதக்கிறது. ஆகவே அதற்குள் நீர் நிறையாமல் காக்கவேண்டும், அல்லது காற்றடைத்த அறைகளையோ நுரைப்பொருளையோ உள்ளே வைத்துக் கட்டவேண்டும்.

கார் ஏன் மிதந்தது?

இப்போது நம் தெருவுக்கு வருவோம். 2015-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்த மழை 49 சென்டிமீட்டர். ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனையின்மேல் மட்டும் ஏறக்குறைய 1,09,000 லிட்டர் நீர் விழுந்தது என்று பொருள். பன்னிரண்டாயிரம் லிட்டர்த் தண்ணீர் லாரிகள் ஒன்பது வந்து ஒரே மனையில் கொட்டியதற்கு அது சமம். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி அளவுக்கு நீர் திறக்கப்பட்டதைப் பற்றியே பலரும் பேசுவர். ஆனால் அந்த நீர் அடையாற்றில் சேரும் இடம் திருநீர்மலை அருகே உள்ளது. முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு மேற்புறம், ஆற்றின் முன்பகுதியில் இருப்பவை. ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரி நீரும், பெய்த மழையுமே அங்கே வீடுகளுக்குள் புகுந்தன.

அத்தெருக்களில் நிற்கும் சிறிய கார் ஒன்றை எண்ணிக்கொள்வோம். எடை 900 கிலோ. சக்கரங்களை நீக்கி, அடித்தட்டின் நீளம் 3 மீட்டர், அகலம் ஒன்றரை மீட்டர் என வைத்துக்கொண்டால், பரப்பு நாலரை சதுர மீட்டர். நம் வாய்பாட்டின்படி, அடித்தட்டுக்குமேல் நீர் ஏறும் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 45 கிலோ எடையை நீர் ஏற்றுக்கொள்ளும். 900 கிலோவை 45-ஆல் வகுத்தால் 20. ஆகவே அடித்தட்டுக்குமேல் 20 சென்டிமீட்டர் நீர் நின்றாலே காரின் முழு எடையையும் நீர் தாங்கிவிடும். அடித்தட்டு தரையிலிருந்து ஏறக்குறைய 17 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். இரண்டையும் கூட்டினால் 37 சென்டிமீட்டர். நின்று பார்த்தால் நம் முழங்காலுக்கும் கீழே உள்ள நீர்தான் அது!

கதவிடுக்குகளின் வழியாக நீர் உள்ளே கசிவதற்குச் சிறிது நேரம் ஆகும். அதுவரை கார் ஒரு படகே. நீர் புகப்புக, எஞ்சின் இருக்கும் முன்பக்கம் தாழ்ந்து, பின்பக்கம் உயர்ந்து நிற்கும். பள்ளிக்கரணையில் 2023-இல் மிதந்தவை இந்தக் கணக்குக்குக் கட்டுப்பட்டே மிதந்தன.

இன்னொன்றையும் கருதவேண்டும். கார் முழுதாக மிதக்கும் வரை ஆபத்து காத்திருப்பதில்லை. அடித்தட்டுக்குமேல் 10 சென்டிமீட்டர் நீர் ஏறியதுமே காரின் பாதி எடை போய்விடுகிறது. டயர் தரையைப் பற்றும் வலிமையும் பாதியாகிறது. அந்நேரத்தில் பக்கவாட்டில் நீர் ஓடினால், பிரேக்கும் ஸ்டியரிங்கும் இருந்தும் பயனில்லை. ஓடும் நீரின் வேகம் இரட்டித்தால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும் என்பதும் இயற்பியல் விதியே. "என் வண்டி கனமானது, போய்விடும்" என்று தரைப்பாலத்தில் இறங்குவோர், எடையை மட்டும் பார்த்து, ஒதுக்கப்படும் நீரைப் பாராதவர்கள்.

இதே கணக்கு அன்று உயிர்களைக் காத்தது என்பதையும் மறத்தல் ஆகாது. 2015 வெள்ளத்தில் மீனவ மக்கள் தம் படகுகளைச் சென்னைத் தெருக்களுக்குள் கொண்டுவந்து, மாடிகளில் தவித்தவர்களை மீட்டனர். கடலில் செல்லும் படகு தெருவில் எவ்வாறு சென்றது? அடிப்பரப்பு எட்டு சதுர மீட்டர் கொண்ட படகு, ஆட்களோடு 1,200 கிலோ இருந்தாலும், ஒரு சென்டிமீட்டருக்கு 80 கிலோ வீதம், 15 சென்டிமீட்டர் மட்டுமே அமிழும். காரைத் தூக்கிச் சென்ற அதே ஆழத்து நீர், படகுக்குப் போதிய வழியாயிற்று.

பூமிக்குள் ஒரு படகு

நம் புறநகர் வீடுகளில் பலவற்றில் முன்வாசலில் நிலத்தடித் தொட்டி உண்டு. 'சம்ப்' என்று சொல்லுகிறோம். அதுவும் ஒரு படகே என்று சொன்னால் வியப்பீர்கள். வெளியளவு நீளம் இரண்டரை மீட்டர், அகலம் 2 மீட்டர், ஆழம் ஒன்றரை மீட்டர் என்றால் அது அடைத்துக்கொள்ளும் இடம் ஏழரைக் கன மீட்டர். மழையில் நிலத்தடி நீர் தரைமட்டம் வரை ஏறிவிட்டால், அத்தொட்டியை நீர் 7,500 கிலோ விசையோடு மேலே தள்ளும். சுவரும் தளமும் மூடியும் 10 சென்டிமீட்டர் கனக் கான்கிரீட் என்றால் அவற்றின் எடை ஏறக்குறைய 5,000 கிலோதான். தொட்டி காலியாக இருந்தால், எஞ்சிய விசையை எதிர்த்துச் சுற்றியுள்ள மண்ணின் பிடிப்பு மட்டுமே நிற்கவேண்டும். பிளாஸ்டிக் தொட்டியைப் புதைத்தவர்களுக்குக் கான்கிரீட்டின் எடையும் இல்லை. தொட்டி எழும்புவதும், சுவர் விரிசல் காண்பதும், குழாய் முறிவதும் இதனாலேயே.

ஆகவே மழைக்காலத்துக்கு முன் நிலத்தடித் தொட்டியை நிரப்பி வைப்பதே அறிவுடைமை. உள்ளே இருக்கும் நீரின் எடை, வெளியே இருக்கும் நீரின் விசையை ஈடுசெய்யும். வெள்ளநீர் தொட்டிக்குள் புகுந்து அசுத்தமாகிவிட்டால் உடனே இறைத்துக் காலி செய்யத் துடிப்போம். சுற்றிலும் நீர் வடிந்து, நிலத்தடி நீர்மட்டம் இறங்கும்வரை பொறுத்திருந்து இறைப்பதே தக்கது. அதுவரை அந்நீரைக் குடிக்கவோ சமைக்கவோ பயன்படுத்தலாகாது.

மனித உடலின் கணக்கு

எல்லாவற்றிலும் முதன்மையானதை இறுதிக்கு வைத்தேன். தாம்பரத்தையும் பல்லாவரத்தையும் சுற்றிக் கைவிடப்பட்ட கல்குவாரிகள் பல உண்டு. எருமையூர், சிக்கராயபுரம் குவாரிகளின் நீர், வறட்சிக் காலத்தில் சென்னையின் குடிநீருக்கே பயன்பட்டது என்றால் அவற்றின் ஆழத்தை எண்ணிப் பாருங்கள். கோடை விடுமுறை வந்தால் இளைஞர் குளிக்கப் போய் உயிரிழக்கும் செய்தி ஏதேனும் ஒரு நீர்நிலையிலிருந்து வரத் தவறுவதில்லை.

மனித உடல் நீரைவிடச் சிறிதே இலேசானது. அதுவும் நுரையீரலில் காற்று நிறைந்திருக்கும்போதுதான். 60 கிலோ எடையுள்ள ஒருவர் மூச்சை நன்றாக இழுத்து நிறுத்தினால் அவர் உடலின் பருமன் ஏறக்குறைய 62 லிட்டர். ஆகவே 2 கிலோ அளவுக்கு உடல் நீருக்கு வெளியே நிற்க இடமுண்டு. மூச்சை முழுதும் விட்டுவிட்டால் பருமன் 60 லிட்டருக்கும் குறைந்து, உடல் அமிழத் தொடங்கும். தலையின் எடை மட்டும் நாலைந்து கிலோ. ஆகவே நிமிர்ந்த நிலையில் தலை முழுவதையும் நீருக்குமேல் வைத்திருக்க, அசையாத உடலால் இயலாது. மல்லாந்து, முகத்தை மட்டும் வானோக்கி வைத்துக்கொண்டால், அந்த 2 கிலோ முகத்துக்குப் போதும்.

நீரில் விழுந்தவர் அச்சத்தால் செய்வன யாவை? இரு கைகளையும் மேலே உயர்த்துகிறார், உரக்கக் கூவுகிறார். ஒரு கையின் எடை ஏறக்குறைய 3 கிலோ. இரண்டு கைகளையும் நீருக்கு வெளியே தூக்கினால், அந்த 6 கிலோவையும் தாங்கும் பொருட்டு முகம் நீருக்குள் தாழ்கிறது. கூவுவதால் நுரையீரலின் காற்றும் வெளியேறுகிறது. உயிர் பிழைக்கச் செய்யும் இரண்டு செயல்களுமே உயிரைப் பறிக்க உதவுகின்றன. இதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவர் எத்தனை பேர்?

இடுப்பளவு வெள்ளத்தில் நடந்துவிடலாம் என்பதும் இத்தகைய எண்ணமே. இடுப்பளவு நீரில் நிற்பவரின் எடையில் ஏறக்குறைய பாதியை நீர் ஏற்றுக்கொள்கிறது. 60 கிலோ மனிதர் 30 கிலோவாகத் தரையில் நிற்கிறார். ஓடும் நீர் அவர் காலை வாருவதற்கு அதிக வேகம் தேவையில்லை.

ஆனால் இதே கணக்கு நம்பிக்கையும் தருகிறது. தலையை நீருக்குமேல் வைத்திருக்க ஒருவருக்கு வேண்டிய கூடுதல் தாங்குவிசை ஏறக்குறைய 3 முதல் 5 கிலோதான். இறுக மூடிய காலி 20 லிட்டர்த் தண்ணீர்க் கேன் ஏறத்தாழ 19 கிலோவைத் தாங்கும். நம் முன்னோரின் சுரைக்குடுக்கை செய்த வேலையை இன்று வீட்டுக் கேன் செய்யும். நீரில் தத்தளிப்பவரைக் காக்க நீச்சல் அறியாதவர் குதித்தால் இருவரும் மாள்வர். கயிற்றில் கட்டிய மூடிய கேனை எறிந்தால் இருவரும் பிழைக்கலாம். கயிறு இல்லையேல் துணி போதும். 2020 ஆகஸ்டில், பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் மூழ்கிக்கொண்டிருந்த நால்வரில் இருவரை, மூன்று பெண்கள் தம் சேலைகளை எறிந்து கரைசேர்த்தனர். மற்ற இருவரைக் காக்க இயலாமற்போயிற்று.

வீட்டில் செய்ய வேண்டுவன

வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், ஒரு ஞாயிறு மாலை குடும்பத்தோடு அமர்ந்து நான்கு காரியங்களைச் செய்யுங்கள். முதலாவது, உங்கள் காரின் அடித்தட்டு தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் உயரம் என்று அளந்து, அந்த உயரத்தில் வாசற்கேட்டுத் தூணில் பெயின்ட்டால் ஒரு கோடு இடுங்கள். நீர் அக்கோட்டைத் தொட்டபின் வண்டியை எடுக்கலாகாது. உள்ளே இருந்தால் இறங்கி மேட்டுக்குச் செல்லவேண்டும். இரண்டாவது, நிலத்தடித் தொட்டியை நிரப்பி வையுங்கள். மூன்றாவது, மூடியோடு கூடிய இரண்டு காலிக் கேன்களையும், பதினைந்து மீட்டர் கயிற்றையும் மாடிப்படியருகே வையுங்கள். அவை பிடித்துக்கொண்டு காத்திருக்கவும், பிறருக்கு எறியவும் உரியவை. வெள்ளத்தைக் கடப்பதற்கு உரியவை அல்ல.

நான்காவது, பிள்ளைகளுக்கு நீச்சல் கற்பியுங்கள். அது இயலும்வரை, நீரில் விழுந்தால் மல்லாந்து, கைகளை நீருக்குள் விரித்து, மூச்சை நிறைத்துக்கொள்ளும்படி சொல்லிக் கொடுங்கள். காரணத்தையும் சேர்த்தே சொல்லுங்கள். தேர்வுத்தாளில் அந்த விடைக்கு இரண்டு மதிப்பெண் கிடைக்கும். குவாரி நீரில் அதே விடை அவர்களை நம்மிடம் திருப்பி அனுப்பும்.